மயிர்க்குழாய்க் கசிவும் அளவறிந்த மருத்துவமும்

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே புல்மோட்டைக்குச் செல்லும் வீதியில் நாற்பது கிலோமீற்றரளவு சென்று, உட்புறமாகத் திரும்பினால் திரியாய் என்னும் பழம்பதியை அடையலாம். மழைநீரைக் குளங்களில் தேக்கி நெல் விளைவிக்கும் அவ்வூர் உழவர்க்குக் குளக்கட்டு உடைவது வேறு, கசிவது வேறு என்பது நன்கு தெரியும். உடைப்பு ஊரறிய நிகழ்வது. கசிவோ ஓசையின்றி நிகழ்வது. கசிவு நேர்ந்தவிடத்துக் குளத்தினுள் நீர்மட்டம் இறங்கும். கட்டின் புறத்தேயுள்ள வயலோ வேண்டாத நீரில் மூழ்கும். ஒரே வேளையில் ஒருபால் வறட்சியும் மறுபால் வெள்ளமும் உண்டாகும். இந்நிலையிற் குளத்தில் மேன்மேலும் நீரைப் பாய்ச்சினால் வயலே மேலும் அழியும். பாய்ச்சாது விட்டாலோ குளம் வற்றிவிடும்.

மனித உடலிலும் இத்தகையதோர் இடுக்கண் உண்டாவதுண்டு. குருதி ஓடும் நுண்ணிய குழாய்கள் தம் காவலை இழந்து, குருதியின் நீர்ப்பகுதியைப் புறத்தே கசியவிடும் நிலையே அது. மருத்துவ நூலார் இதனை மயிர்க்குழாய்க் கசிவு நோய்க்குறித்தொகுதி என வழங்குவர். உடல் வீங்கியிருக்கும்; ஆனாற் குருதியோட்டம் வற்றியிருக்கும். வீக்கத்தை மட்டும் கண்டவர் நீரை வெளியேற்ற முயல்வர். வற்றலை மட்டும் கண்டவர் நீரை அளவின்றி ஏற்ற முயல்வர். இரண்டும் உயிர்க்கு ஊறு விளைக்கலாம். இந்நோய் எவ்வாறு தோன்றுகின்றது, தொடுப்பிழைய நோயுடையாரிடத்து இது ஏன் தனிக் கவனத்துக்கு உரியது, இதற்குரிய மருத்துவம் யாது என்பனவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மயிர்க்குழாயின் இயல்பு

இதயத்தினின்று நாடிகள் வழியாகச் செல்லும் குருதி நாளங்கள் வழியாக மீள்கின்றது என்னும் உண்மையை வில்லியம் ஹார்வி என்பார் 1628 ஆம் ஆண்டில் வெளியிட்டார். எனினும், நாடியின் ஈற்றிலிருந்து நாளத்தின் தொடக்கத்துக்குக் குருதி எவ்வழியாற் செல்கின்றது என்பதை அவர் கண்ணாற் கண்டாரல்லர். 1661 ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் மார்செல்லோ மல்பீகி, தவளையின் சுவாசப்பையை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்து, அவ்விரண்டையும் இணைக்கும் மயிரினும் நுண்ணிய குழாய்களைக் கண்டார். அவையே மயிர்க்குழாய்கள். ஒரு மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்கினும் குறைந்த விட்டமுடைய இவற்றின் சுவர், ஒற்றை வரிசைக் கலங்களால் ஆனது. உடலின் கலங்களுக்கு வேண்டிய உணவும் ஒட்சிசனும் இச்சுவரின் வழியாகவே குருதியினின்று வெளிச்செல்கின்றன.

இச்சுவர் முற்றாக அடைபட்டதன்று, முற்றாகத் திறந்ததுமன்று. நீரும் உப்பும் எளிதிற் செல்லும். அல்புமின் முதலிய பெரும் புரதங்கள் பெரும்பாலும் உள்ளேயே நிறுத்தப்படும். 1896 ஆம் ஆண்டில் ஏர்ணஸ்ட் ஸ்டார்லிங் என்னும் ஆங்கில உடற்றொழிலியலார் இதன் நுட்பத்தை விளக்கினார். இதயத்தின் உந்துதலால் உண்டாகும் அமுக்கம் நீரை வெளியே தள்ளுகின்றது. குழாயினுள் நிற்கும் புரதமோ நீரை உள்ளே பிடித்து வைக்கின்றது. பாடநூல்கள் காட்டும் கணக்கின்படி, மயிர்க்குழாயின் நாடிப்புறத்தில் தள்ளும் அமுக்கம் ஏறத்தாழ 35 மில்லிமீற்றர் இரசம். நாளப்புறத்தில் அது 15 ஆகக் குறையும். புரதத்தின் ஈர்ப்போ ஏறத்தாழ 25 ஆகும். இவ்விரு விசைகளின் இழுபறியால் உடலின் நீர் சமநிலையில் நிற்கின்றது. எஞ்சிக் கசியும் சிறிதளவு நீரை நிணநீர்க்குழாய்கள் திரட்டிக் குருதிக்கே மீட்டளிக்கும்.

பிற்கால ஆய்வு இக்கருத்தை மேலும் செம்மைப்படுத்தியுள்ளது. மயிர்க்குழாயின் உட்சுவர் மீது சர்க்கரையும் புரதமும் சேர்ந்த மெல்லியதொரு பூச்சு உண்டு. புரதத்தைத் தடுத்து நிறுத்துவதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. குளக்கட்டின் உட்புறத்துக்கு அலைகல் எவ்வாறோ, அவ்வாறே மயிர்க்குழாய்க்கு இப்பூச்சு காவலாகும் எனலாம். கிருமி, நஞ்சு, தன்னையே தாக்கும் பிறபொருளெதிரி ஆகியவற்றுள் எது இப்பூச்சைச் சிதைத்துக் கலங்களுக்கிடையே இடைவெளியை உண்டாக்கினும், நீரோடு புரதமும் வெளியேறிவிடும். புரதம் வெளியேறியபின் நீரைப் பிடித்து வைப்பதற்கு உள்ளே விசையில்லை. கசிவு கசிவை வளர்ப்பது இவ்வண்ணமே.

நோய் இனங்காணப்பட்ட வரலாறு

1960 ஆம் ஆண்டில் பேயார்ட் கிளாக்ஸன் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவருடன் பணியாற்றியோரும், 32 வயதுப் பெண்ணொருத்தியின் நோயைப் பற்றி எழுதினர். அவளுக்கு வீக்கமும் குருதியமுக்க வீழ்ச்சியும் மீண்டும் மீண்டும் தோன்றின. கிருமித் தொற்றோ, இதய நோயோ, சிறுநீரக நோயோ அதற்குக் காரணமாகக் காணப்படவில்லை. மயிர்க்குழாய்களே கசிந்தன என்பது தெளிவாயிற்று. காரணம் புலப்படாது தானே தோன்றும் இவ்வகைக் கசிவு அம்மருத்துவர் பெயராலேயே கிளாக்ஸன் நோய் என வழங்குகின்றது. இது மிக அரியதொரு நோய்.

அரியதல்லாத வகையும் உண்டு. கடுங்கிருமித் தொற்று, டெங்குக் குருதிப்பெருக்குக் காய்ச்சல், புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் சில மருந்துகள், கண்ணாடி விரியன் போன்ற சில பாம்புகளின் நஞ்சு, தன்னெதிர்ப்பு நோய்கள் என்பவற்றைப் பற்றி அவற்றின் விளைவாகத் தோன்றும் கசிவே அது. காரணம் எதுவாயினும் மூன்று அடையாளங்கள் பொதுவானவை: குருதியமுக்கம் தாழும், குருதி தடிக்கும், குருதியில் அல்புமின் குறையும்.

தன்னையே பகைக்கும் உடல்

உடலின் உறுப்புக்களைத் தாங்கியும் பிணைத்தும் நிற்பது தொடுப்பிழையம். தோலின் அடிப்பகுதி, மூட்டுக்களின் உறை, குழாய்ச் சுவர்கள் எங்கும் அது பரந்துள்ளது. 1942 ஆம் ஆண்டில் போல் கிளெம்பரர் என்னும் நோயியலார், தனித்தனி நோய்களாகக் கருதப்பட்ட சிலவற்றை இவ்விழையத்தின் நோய்கள் என்னும் ஒரே குடும்பத்துட் சேர்த்துக் காட்டினார். லூப்பசு, தோலிறுக்க நோய், தோலையும் தசையையும் ஒருங்கே தாக்கும் அழற்சி, கண்ணையும் வாயையும் உலரச் செய்யும் சியோகிரன் நோய் முதலியன இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. அன்னிய கிருமியை எதிர்க்க அமைந்த நிர்ப்பீடனம், தன் உடலையே அன்னியமெனக் கொண்டு தாக்குதலே இவற்றின் அடிப்படை என்பது பின்னர் விளங்கிற்று. இவற்றுள் லூப்பசு பெரும்பாலும் இளம்பெண்களையே பற்றுகின்றது; நோயாளர் பத்துப்பேருள் ஏறத்தாழ ஒன்பதின்மர் பெண்களாவர்.

இந்நோய்கள் கிளர்ந்தெழும்போது, பிறபொருளெதிரியும் அது பற்றிய பொருளும் சேர்ந்த திரள்கள் குழாய்ச் சுவர்களிற் படிகின்றன. அழற்சியை மூட்டும் பொருள்கள் குருதியிற் பெருகுகின்றன. இவற்றால் மயிர்க்குழாயின் கலங்கள் சுருங்கி இடைவெளி விடுகின்றன. பெரும்பாலானோரிடத்து இது சிறிய அளவில் நின்றுவிடும். மிகச் சிலரிடத்து மட்டும் உடல் முழுவதும் ஒருங்கே கசிவு தோன்றி, சில மணி நேரத்தில் உயிரை அச்சுறுத்தும். அரிதாயினும், இளந்தாயொருத்தியின் உயிர் அதிற் சிக்குமாயின் அதனை அரிதென்று புறக்கணித்தல் ஆகாது.

அளவின் பெருமையைக் காட்டிய அனுபவம்

தன்னெதிர்ப்பு நோயால் உண்டாகும் கசிவு அரிது ஆதலின், அதன் மருத்துவத்தைப் பற்றிப் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் இல்லை. ஆங்காங்கு ஒருவர் இருவர் நோய்நிலைகளைப் பற்றி மருத்துவர் எழுதிய குறிப்புக்களே வழிகாட்டுகின்றன. ஆனால், மயிர்க்குழாய்க் கசிவை ஆயிரக்கணக்கான நோயாளரிடத்துக் கண்டு, அதற்கு நீர் அளிக்கும் முறையைப் பயின்ற அனுபவம் இலங்கைக்கு உண்டு. அது டெங்கு தந்த அனுபவமாகும்.

இலங்கையில் டெங்கு 1962 ஆம் ஆண்டில் ஆய்வுகூடச் சோதனையால் உறுதிப்படுத்தப்பட்டது. 2009 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 35,000 பேர் நோயுற்றனர். 340 பேருக்கு மேல் இறந்தனர். நூற்றுக்கு ஒருவரளவு இறந்தனர் என்பது இதன் பொருள். 2017 ஆம் ஆண்டில் நாடெங்கும் 186,000 க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். அவ்வாண்டின் முதற் சில மாதங்களில் திருகோணமலை மாவட்டம், சிறப்பாகக் கிண்ணியாப் பகுதி, கடுமையாகத் தாக்குண்டது. அவ்வாண்டு முழுவதிலும் நாட்டில் நிகழ்ந்த இறப்புக்கள் நானூற்றுக்குச் சிறிது மேல்; அஃதாவது, நூற்றுக்குக் கால் பங்களவு. இவ்விறப்பு வீதம் குறைந்தமைக்குக் காரணங்கள் பல. கூடுதலான நோயாளர் பதிவு செய்யப்பட்டமையும் அவற்றுள் ஒன்றாகலாம். எனினும், பாங்கொக் நகரச் சிறுவர் வைத்தியசாலையின் நெடுங்கால அனுபவத்தைத் தழுவி இலங்கைச் சுகாதார அமைச்சு வகுத்த வழிகாட்டியும், அதன்படி நீரை அளந்து கொடுக்கப் பயின்ற மருத்துவரும் தாதியரும் தலையாய காரணங்களுள் வைத்து எண்ணத்தக்கவர்.

அவ்வழிகாட்டியின் கணக்கு, பள்ளி மாணவரும் செய்து பார்க்கத்தக்கது. டெங்கிற் கசிவு நிகழும் காலம் பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரமே. 50 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர்க்கு ஒரு நாளைய இயல்பான நீர்த்தேவை வருமாறு: முதற் 10 கிலோகிராமுக்குக் கிலோகிராமொன்றுக்கு 100 மில்லிலீற்றராக 1,000, அடுத்த 10 கிலோகிராமுக்கு 50 ஆக 500, எஞ்சிய 30 கிலோகிராமுக்கு 20 ஆக 600, ஆக மொத்தம் 2,100 மில்லிலீற்றர். இதனுடன் கசிவால் இழக்கப்படுவதற்கு ஈடாக உடல் நிறையின் நூற்றுக்கு ஐந்து பங்கு, அதாவது 2,500 மில்லிலீற்றர், கூட்டப்படும். இவ்விரண்டும் சேர்ந்த 4,600 மில்லிலீற்றரே, அதிர்ச்சி நிலை அடையாத ஒருவர்க்கு அக்கசிவுக் காலம் முழுவதற்கும் உரிய எல்லை. வாயாற் பருகுவதும் இக்கணக்கிற் சேரும். அதிர்ச்சியோடு வருவோர்க்குக் காலமும் வேகமும் வேறாகக் கணிக்கப்படும்.

‘சேலைன் ஏற்றினால் உடல் தேறும்’ என்று எண்ணிப் போத்தல் போத்தலாக ஏற்றும்படி உறவினர் வேண்டுவது எவ்வளவு பிழையானது என்பது இக்கணக்கால் விளங்கும். கசியும் குழாயினுள் மிகுதியாகச் செலுத்திய நீர், குழாயினுள் நில்லாது நெஞ்சறையிலும் வயிற்றறையிலும் சேர்ந்து மூச்சை அடைக்கும்.

இன்னுமொரு நுட்பம் ஈண்டு நோக்கத்தக்கது. குளக்கட்டு உவமை இவ்விடத்தில் நில்லாது. கட்டைக் கடந்து வயலிற் பரந்த நீர் குளத்துக்குத் தானே மீள்வதில்லை. உடலிலோ, மயிர்க்குழாயின் சுவர் செப்பமுற்றதும் வெளியே நின்ற நீர் குருதிக்கே திரும்புகின்றது. முன்பு அளவின்றி நீர் ஏற்றியிருந்தால், அது முழுதும் ஒருங்கே திரும்பி இதயத்தையும் சுவாசப்பையையும் திணறச் செய்யும். கசிவுக் காலத்தில் வற்றலால் இறவாது தப்பியவர், மீட்சிக் காலத்தில் நீரால் இறக்க நேரும் அவலம் இவ்வாறே உண்டாகின்றது. சிறுநீர் பெருக்கும் மருந்துக்கு உரிய காலம் பெரும்பாலும் இம்மீட்சிக் காலமே; கசிவுக் காலத்தில் வீக்கத்தைக் கண்டு அதனைக் கொடுப்பது வற்றிய குளத்தின் மடையைத் திறப்பது போலாகும்.

நோயை அறியும் வகை

கசிவை அறிதற்கு முதற்றுணை குருதியிற் செங்கலங்களின் பங்கை அளக்கும் எளிய சோதனை. நிலாவெளி உப்பளத்திற் கடல்நீர் வற்ற வற்ற உப்புச் செறிவு ஏறுதல் போல, குருதியின் நீர் கசியக் கசியச் செங்கலங்களின் பங்கு ஏறும். ஒருவர்க்கு இயல்பாக 36 ஆக இருந்த அளவு 44 ஆக ஏறின், அது ஐந்திலொரு பங்குக்கு மேற்பட்ட ஏற்றம். கசிவுக்கு உறுதியான சான்று. இரண்டாந் துணை குருதியமுக்கத்தின் ஈரெண்கள். மேலெண் 100, கீழெண் 80 எனக் கண்டால், மேலெண் தாழவில்லை என்று ஆறுதலடைதல் தவறு. இரண்டுக்கும் இடைவெளி 20 அளவுக்குச் சுருங்கியமை, குருதியோட்டம் வற்றுகின்றது என்பதற்கு எச்சரிக்கை. மூன்றாந் துணை சிறுநீரின் அளவு. 50 கிலோகிராம் நிறையுள்ளவர்க்கு மணிக்கு 25 மில்லிலீற்றருக்குக் குறையின் நீர் போதாது என ஐயுறலாம். மிக அதிகமாகச் செல்லின் ஏற்றும் நீர் மிகுதி எனக் கருதலாம்.

லூப்பசு போன்ற நோயுடையாரிடத்து இவ்வெளிய அளவைகளே ஏமாற்றவும் கூடும். அவர்களுட் பலர்க்கு முன்னரே குருதிச்சோகை உண்டு. இயல்பாக 28 ஆக இருந்த ஒருவர்க்கு 35 எனச் சோதனை காட்டின், முன்பின் அறியாத மருத்துவர் அதனை இயல்பான அளவென்று எண்ணக்கூடும்; உண்மையில் அது நாலிலொரு பங்கு ஏற்றம். ஆகவே, உடல் நலமாயிருந்த காலத்தின் அளவு குறித்த கிளினிக் புத்தகம் ஒரு மருந்துக்கு ஒப்பானது. அதனை வீட்டிற் பெட்டியுட் பூட்டி வைத்தல் அறிவுடைமையாகாது.

வீக்கம் யாவும் கசிவாகா. லூப்பசு சிறுநீரகத்தைத் தாக்கினால் அல்புமின் சிறுநீர்வழி வெளியேறி, உடல் வீங்கும். சிறுநீரிற் புரதம் உண்டா எனச் சோதித்தால் இவ்வேறுபாடு பெரும்பாலும் புலப்படும். இதயம் தளர்ந்தவிடத்தும் வீக்கம் உண்டாகும். ஆனால் அங்கே குருதி இவ்வாறு தடிப்பதில்லை. கடுங்கிருமித் தொற்றுத்தான் எல்லாவற்றுள்ளும் முதலில் ஐயுறத்தக்கது. நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்து உண்பவர்க்குத் தொற்று எளிதிற் பற்றும். அது கசிவையும் உண்டாக்கும். காய்ச்சலின்றியும் மறைந்து நிற்கும்.

இவற்றோடு, டெங்கும் லூப்பசும் ஒன்றையொன்று போலத் தோன்றுதலும் உண்டு. இரண்டிலும் காய்ச்சல், மூட்டுவலி, தோற்றடிப்பு, வெண்கலக் குறைவு, குருதிச் சிறுதட்டுக் குறைவு ஆகியன காணப்படலாம். கீழ்மாகாணத்தில் வடகீழ்ப் பருவமழையை அடுத்து டெங்கு பெருகும் காலத்தில், லூப்பசு நோயாளி ஒருவர்க்குக் காய்ச்சல் வரின் அது பழைய நோயின் கிளர்ச்சியா, டெங்கா, பிறிதொரு தொற்றா என்பதைச் சோதனையாலன்றித் தோற்றத்தால் முடிவு செய்தல் இயலாது.

மருத்துவத்தின் இரு கை

மயிர்க்குழாய்க் கசிவின் மருத்துவம் இரு கையால் நிகழ்வது. ஒரு கை கசிவுக் காலத்தில் உயிரைத் தாங்குவது. மறு கை கசிவின் காரணத்தைக் களைவது. முதலாவது எல்லாக் கசிவுக்கும் ஏறத்தாழப் பொதுவானது. இரண்டாவது நோய்க்கு நோய் வேறுபடுவது.

தாங்கும் மருத்துவத்தில், உப்புநீரைச் சிறு சிறு அளவாகக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் நாடித்துடிப்பு, அமுக்கம், சிறுநீர், செங்கலப் பங்கு என்பவற்றை மீண்டும் அளந்து பார்த்தல் வேண்டும். உப்புநீர் மட்டும் போதாதவிடத்துக் குழாயினுட் சற்று நீண்டநேரம் நிற்கத்தக்க பெருமூலக்கூற்றுக் கரைசல்கள் பயன்படும். டெங்கிற்கு இலங்கையில் டெக்ஸ்ட்ரான் 40 பயன்பட்டு வந்துள்ளது. ஏனைய கசிவுகளில் அல்புமின் சிலவேளை கொடுக்கப்படும். ஆனால் சுவர் திறந்துள்ள போது அதுவும் கசியும் என்பதை மறத்தலாகாது. மாப்பொருளிலிருந்து ஆக்கிய சில கரைசல்கள், கடுந்தொற்று நோயாளரின் சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்தமை 2012 ஆம் ஆண்டில் வெளியான பெரிய ஆய்வுகளால் வெளிப்பட்டது. நீரால் மட்டும் அமுக்கம் நில்லாதபோது குழாய்களைச் சுருக்கும் நொரட்ரினலின் போன்ற மருந்து தீவிர சிகிச்சைப் பிரிவிற் கொடுக்கப்படும். கைகால்களின் தசை வீங்கி இறுகினால், உள்ளே குருதியோட்டம் தடைப்பட்டுத் தசை அழியும். அதனையும் அடிக்கடி தொட்டுப் பார்த்தல் வேண்டும்.

காரணத்தைக் களையும் மருத்துவத்தில், தன்னெதிர்ப்பு நோய் டெங்கினின்று வேறுபடுகின்றது. டெங்குக் கசிவு தானே தோன்றித் தானே அடங்கும். கோட்டிசோன் இன மருந்துகள் அதிற் பயன் தந்தமைக்குச் சான்றில்லை. லூப்பசு முதலியவற்றின் கசிவிலோ அம்மருந்துகளே பெரும்பாலும் முதற் படைக்கலம். 1948 ஆம் ஆண்டில் பிலிப் ஹெஞ்ச் என்னும் அமெரிக்க மருத்துவர் மூட்டுவாத நோயாளிக்குக் கோட்டிசோன் கொடுத்துக் கண்ட பயன் மருத்துவ உலகை வியப்பிலாழ்த்திற்று. 1950 ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கும் அவருடன் கெண்டல், ரைக்ஸ்டைன் என்னும் அறிஞர்க்கும் வழங்கப்பட்டது. அதே இனத்தைச் சேர்ந்த மெதில்பிரெட்னிசொலோன், நோய் கடுமையாகக் கிளர்ந்தபோது நாளொன்றுக்கு 500 முதல் 1,000 மில்லிகிராம் வரை பெரும்பாலும் மூன்று நாள் நாளவழியாகக் கொடுக்கப்படும். அதனாலும் அடங்காதவிடத்து, பலருடைய குருதியிலிருந்து திரட்டிய நிர்ப்பீடனக் குளோபுலின், குருதியின் நீர்ப்பகுதியை மாற்றுதல், சைக்ளோபொஸ்பமைட்டுப் போன்ற நிர்ப்பீடனமடக்கிகள் என்பன நோய்க்கேற்பக் கையாளப்பட்டுள்ளன. மேலே கூறிய கிளாக்ஸன் நோயிலும், கசிவு மீண்டும் வாராது காக்க அக்குளோபுலினை மாதந்தோறும் கொடுத்தல் பயன் தந்துள்ளது.

இவ்வாயுதங்கள் கூர்மையானவை, ஆதலின் ஓங்கும் இடம் அறிந்தே ஓங்குதல் வேண்டும். மறைந்திருக்கும் கிருமித் தொற்றை அறியாது நிர்ப்பீடனத்தை அடக்கினால் தொற்று பொங்கியெழும். இரண்டையும் பிரித்தறிய இயலாத முதல் மணி நேரங்களில், குருதியைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு எடுத்தபின் நுண்ணுயிர்கொல்லியையும் உடன் தொடங்குதல் வழக்கம். தோலிறுக்க நோயுடையார்க்குக் கோட்டிசோன் இனத்தைப் பேரளவிற் கொடுத்தால் சிறுநீரகத்துக்குத் திடீர்க் கேடு நேரக்கூடும். ஒரே குடும்பத்து நோய்களுக்கும் ஒரே மருந்து ஒவ்வாது என்பதற்கு இது சான்று.

சிற்றூரிலுள்ளார் அறிய வேண்டுவன

தீவிர சிகிச்சை திரியாயில் நிகழ்வதன்று. அது திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலை போன்ற பெரு நிலையங்களில் நிகழ்வது. ஆயினும், அங்கே செல்லும் நோயாளி எந்நிலையிற் சென்று சேர்கின்றார் என்பது சிற்றூரிலேயே முடிவாகின்றது. ஓர் உதாரணம் கொள்வோம். முப்பது வயதுத் தாயொருத்தி லூப்பசுக்காகச் சில ஆண்டுகளாகப் பிரெட்னிசொலோன் உண்டு வருகின்றாள் என்க. முகம் பருத்தமை கண்டு அயலார் கூறிய சொல்லால் மருந்தைத் திடீரென நிறுத்துகின்றாள். பின்னர் காய்ச்சலும் மூட்டுவலியும் வருகின்றன. வலிக்குக் கடையில் ஒரு குளிசை வாங்கி உண்கின்றாள். நாலாம் நாள் காய்ச்சல் தணிகின்றது, வீட்டார் மகிழ்கின்றனர். அன்று மாலையே கைகால் குளிர்ந்து, தலை சுற்றி, சிறுநீர் குறைகின்றது.

இச்சிறு நிகழ்ச்சியில் மூன்று பிழைகள் உள. முதலாவது மருந்தை நிறுத்தியமை. நெடுநாள் இம்மருந்தை உண்டவரின் உடல், தனக்கு வேண்டிய அவ்வோமோனைத் தானே சுரப்பதைக் குறைத்துவிடும். திடீரென நிறுத்தினால், நோயுற்ற வேளையில் அமுக்கம் வீழ்ந்து உயிர்க்கே இறுதி நேரலாம். அளவைக் குறைத்தல் மருத்துவர் சொற்படி படிப்படியாகவே நிகழ வேண்டும். இரண்டாவது கடைக் குளிசை. அஸ்பிரின், இபுபுரொபன், டைக்ளோபெனாக் என்பன டெங்கிற் குருதிப்பெருக்கை மிகுவிப்பன. டெங்கு ஐயமுள்ள காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் ஒன்றே, அதுவும் உரிய அளவிலேயே ஏற்றது. மூன்றாவது காய்ச்சல் தணிந்தமை கண்டு மகிழ்ந்தமை. டெங்கிற் கசிவு தொடங்குவது பெரும்பாலும் காய்ச்சல் தணியும் அவ்வேளையிலேயே.

இத்தாய்க்குச் செய்திருக்க வேண்டியது செலவு மிக்கதன்று. காய்ச்சல் தொடங்கியதும் வைத்தியரிடம் சென்று, தொடுப்பிழைய நோய் உண்டென்பதையும் உண்ணும் மருந்துகளையும் கூறுதல். மூன்றாம் நாளளவிலாவது குருதிச் சோதனை செய்வித்தல். சிறுதட்டு 100,000 க்குக் குறைந்தாலும், வாந்தி, வயிற்றுவலி, மயக்கம், சிறுநீர்க் குறைவு என்பவற்றுள் ஒன்று தோன்றினாலும் தாமதியாது வைத்தியசாலையிற் சேர்தல். பருகிய நீரையும் கழிந்த சிறுநீரையும் ஒரு தாளிற் குறித்து வைத்தல். கிளினிக் புத்தகத்தை உடன் கொண்டுசெல்லுதல். இவ்வைந்தையும் செய்தற்கு வேண்டுவது பொருளன்று, அறிவும் விழிப்புமே. எழுத்தறிந்த மாணவன் ஒருவன் வீட்டிலிருப்பின், நீரளவைக் குறிக்கும் பணியை அவனிடமே ஒப்படைக்கலாம். தாயின் கட்டிலருகில் அவன் எழுதும் அச்சிறு கணக்கு, வைத்தியசாலையில் மருத்துவர் தொடங்கும் பெருங்கணக்கின் முதல் வரியாகும்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் முதற் குறள், மிகுதியும் குறைவும் ஒருங்கே நோய்க்கு ஏதுவாம் என்னும் கருத்தை உடையது. உடலின் மூலக்கூறுகளைப் பற்றி அக்காலத்தார் கொண்டிருந்த கொள்கை வேறு. இக்கால மருத்துவத்தின் கொள்கை வேறு. எனினும், அளவே மருந்து என்னும் அவ்வுண்மை மயிர்க்குழாய்க் கசிவில் விளங்குவது போல் வேறெங்கும் அத்துணைத் தெளிவாக விளங்குவதில்லை. கசியும் உடலுக்கு நீர் அமுதமும் ஆகும், நஞ்சும் ஆகும். எது ஆகும் என்பதைத் தீர்ப்பது போத்தலின் எண்ணிக்கையன்று. அதனை அளந்து நோக்கும் கண்ணும், கசிவின் காரணத்தை ஆராயும் அறிவுமேயாம்.